உள்ளே ஒன்றுமில்லை

என் வீட்டுக்காரருக்கு இரும்பின் மேல் இருந்த நம்பிக்கை போன கலவரத்திலேயே போய்விட்டது. முதல் அதிபர் ஊரைவிட்டு ஓடியபோது எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் கடைகளைச் சூறையாடினார்களே, அப்போது. எங்கள் கடை வரிசையில் ஷட்டரும் பூட்டும் கம்பிக் கதவுமாகக் கோட்டை மாதிரி இருந்தது நகைக்கடை. ஒரு லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி, ஷட்டரில் சங்கிலியை மாட்டி, சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். மூலையில் செருப்புத் தைக்கிறவரின் கொட்டகைக்குக் கதவே கிடையாது. ஒரு சாக்குத்தான் தொங்கும். அந்தச் சாக்கை ஒருவன்கூட விலக்கிப் பார்க்கவில்லை.

"பாத்தியா சபீரா? இரும்பு போடறதுங்கறது திருடனுக்குக் கடுதாசி போடற மாதிரி. 'உள்ள சரக்கு இருக்கு, வந்து எடுத்துக்கோ'ன்னு" என்றார்.

"அப்ப நம்ம கடைக்கும் ஒரு சாக்கு தொங்கவிடுங்க."

"சிரி, சிரி. அடுத்த தடவை வரட்டும், அப்பப் பாரு."

அடுத்த தடவை வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இந்த ஊரில் யாருக்குத்தான் இருந்தது? வரிசையின் சொந்தக்காரர் எல்லாக் கடைக்கும் ஷட்டர் போடச் சொன்னார், நாங்களும் போட்டோம். சரக்கு வைக்கும் உள் கிட்டங்கிக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு, பின் ஜன்னலுக்குக் கம்பி என்று எல்லாரையும்போல எங்களுக்கும் ஆயிற்று. அவர் காசைக் கொடுத்தார், மனசைக் கொடுக்கவில்லை.

எங்களுடையது பீங்கான் கடை. தேநீர்க் கிண்ணம், தட்டு, கெட்டில், புலவு செய்யும் இரும்புக் கொப்பரை, கல்யாணப் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பூப்போட்ட செட்டு. இருபது வருஷமாக அந்தக் கடையில்தான் நாங்கள் சண்டை போட்டோம், சாப்பிட்டோம், எங்கள் மகள் அசேலை வளர்த்தோம். அவள் இப்போது வெளிநாட்டில், கசான் நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் பிறந்த நாளிலிருந்து அவர் எனக்கு அசேல் அப்பா. பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. யார் வீட்டில்தான் மனைவி புருஷன் பெயரைச் சொல்கிறாள்?

இரண்டாவது அதிபர் ஓடிய அன்று மத்தியானமே சதுக்கத்துப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் வரிசை முழுவதும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பக்கத்துக் கடை கலீனா திரைச்சீலை விற்கிறவள். ஒரு காகிதத்தில் 'நாங்கள் மக்கள் பக்கம்' என்று எழுதித் தன் ஷட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அன்று ஊரில் பாதிக் கடையில் அந்தக் காகிதம்தான்.

"சகின்பாய், நீயும் ஒண்ணு எழுதி ஒட்டேன். எல்லாரும் ஒட்டுறாங்க" என்றாள் என் வீட்டுக்காரரிடம்.

"கலீனா, கொள்ளையடிக்க வரப்போறதே மக்கள்தான? நாங்க உங்க பக்கம்னு எழுதினா, 'அப்பக் குடு'ன்னு கேக்க மாட்டான்?"

"உனக்கு வாய்தான் முதல். போ, கடைய விட்டாலும் நீ அந்த வாய வெச்சுப் பொழச்சுக்குவ" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தன் மகள் வீட்டுக்குப் போனாள். வரிசையில் கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான்.

அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தார் என் வீட்டுக்காரர். பிறகு கார் ஜாக்கியைக் கொண்டுவந்து எங்கள் ஷட்டருக்குக் கீழே வைத்து நெம்ப ஆரம்பித்தார்.

"உங்களுக்குப் பைத்தியமா? நம்ம ஷட்டர நீங்களே ஒடைக்கிறீங்க!"

"திருடன் ஒடைச்சா கோணலா ஒடைப்பான். நான் ஒடைச்சா திரும்ப நிமித்தற மாதிரி ஒடைப்பேன். அந்தக் கடப்பாரைய எடு."

ஒரு ஆள் குப்புறப்படுத்து நுழையும் அளவுக்கு ஷட்டரின் கீழ்ப்பக்கம் வளைந்து மேலே போயிற்று. சரக்கையெல்லாம் உள் கிட்டங்கியில் அடுக்கினோம், பின் ஜன்னலை மறைத்துக் கூரை வரைக்கும். முன்கடை காலி. பிறகு கோணல் தட்டு, ஓரம் பெயர்ந்த கிண்ணம் எல்லாவற்றையும் வாசலில் போட்டு உடைத்தார். காலி அட்டைப்பெட்டிகளைத் தெருவில் வீசினார். அப்புறம் சற்றுத் தள்ளி நின்று, ஓவியர் படம் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பத்தாது. அந்தப் பூப்போட்ட செட்டுல ரெண்டு தட்டு குடு."

"குடுக்க மாட்டேன். அது சீர் செட்டு."

"கஞ்சத்தனமாக் கொள்ளையடிச்ச கடைய எவன் நம்புவான்? குடு சபீரா."

கொடுத்தேன். கொடுத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஊரே பயந்து கிடந்தது, நாங்கள் இருவரும் எங்கள் கடையை நாங்களே சூறையாடிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

கடைசியில் சிவப்புப் பெயிண்டை எடுத்தார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் குச்சியில் துணியைச் சுற்றி, ஷட்டரின் குறுக்கே எழுதினார்: 'எல்லாம் கொள்ளை போயிற்று. உள்ளே ஒன்றுமில்லை.' எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவரவில்லை.

"நல்லா எழுதுங்களேன், கோழி கிளறின மாதிரி இருக்கு."

"கடைய பறிகுடுத்தவன் அழுதுக்கிட்டே எழுதின மாதிரி இருக்கணும்டி."

என் விரலெல்லாம் சிவப்பு. பனிக்கட்டியும் மழையுமாகக் கலந்து பெய்ய ஆரம்பித்தது. வரிசையில் மின்சாரம் போய்விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று நான் சால்வையைப் போர்த்தியபோதுதான், தான் வரவில்லை என்றார்.

"ஒண்ணுமில்லன்னு எழுதியாச்சே. அப்புறம் நீங்க எதுக்கு உள்ள?"

"எழுதினத நம்பாத ஒருத்தன் குனிஞ்சு எட்டிப் பாப்பான். அவனுக்குப் பதில் சொல்ல ஆள் வேணாமா?"

"என்ன பதில் சொல்லுவீங்க?"

முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினார். "தம்பி, நானும் இப்பத்தான் வந்தேன். ஒரு கிண்ணம்கூட விட்டு வெக்கல படுபாவிங்க. வேற கடை பாருங்க."

முதுகில் ஒன்று வைத்தேன். அல்லா இந்த மனுஷனுக்குப் புத்தியைக் கொடுத்தான், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குளிருக்கு விற்பனைக் கொப்பரை ஒன்றில் நிலக்கரியைப் போட்டுப் பற்றவைத்தார். கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும் என்று சண்டை போட்டேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது ஒரு குடும்பம் கணப்போடு தூங்கி எழுந்திருக்காமலே போகும். அவர் ஷட்டரின் ஓட்டையைக் காட்டினார்.

"இவ்வளவு பெரிய வாசல் தொறந்து கெடக்கு. என்னைக் காத்துதான் சாகடிக்கும், புகை இல்ல. நீ போ. காலைல சம்சா கொண்டா. வெங்காயம் ஜாஸ்தி போட்டது."

படுத்து நுழைந்தார். தலை மட்டும் வெளியே இருந்தபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்புறம் தலையும் உள்ளே போயிற்று.

நான் வீடு போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்து ஒரு தடவை போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வந்தானுங்க. ஒருத்தன் எழுத்துக் கூட்டிப் படிச்சான். இன்னொருத்தன் 'ச்சே, லேட்டா வந்துட்டோம்டா'ன்னான். போயிட்டானுங்க. கலீனா ஒட்டின காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு அவ கடைக்குள்ள போனானுங்க. சார்ஜ் தீரப்போகுது, வெக்கறேன்."

நான் நிம்மதியாகத் தூங்கினேன். தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ரொட்டிக் கடை எதுவும் திறக்காது என்று தெரியும். நானே எழுந்து மாவு பிசைந்து, வெங்காயம் நிறைய அரிந்து போட்டு, சம்சா சுட்டேன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன். வேன் எதுவும் ஓடவில்லை. வழியெல்லாம் கண்ணாடித் துண்டு. சந்திக்குச் சந்தி இளம்பிள்ளைகள் கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, தடியோடு நின்றார்கள். கொள்ளைக்காரர்களைத் தடுக்கத் தாங்களாகவே கிளம்பி வந்த பிள்ளைகள். போலீஸ் எங்கே போயிற்று என்றே தெரியாத ஊரில் அவர்களாவது இருக்கிறார்களே என்று இருந்தது. நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் வாழ்த்திக்கொண்டே நடந்தேன்.

எங்கள் வரிசைக்கு வந்ததும் முதலில் கடையே தெரியவில்லை. ஓட்டையைத் தேடினேன். ஓட்டை இல்லை. வளைந்த ஷட்டரை அடித்துத் தரையோடு தரையாக அமுக்கி, குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங்கில் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடம் புதுசாகக் கறுத்து மின்னியது. மேலே என் வீட்டுக்காரரின் கோணல் எழுத்து அப்படியே இருந்தது.

கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கையில் வெள்ளைத் துணி, நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடி. மீசை இப்போதுதான் முளைக்கிற வயசு. என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான்.

"அக்கா, கிட்டப் போகாதீங்க. உள்ள ஒரு திருடன் இருக்கான்."

அவன் பெயர் எல்தியார் என்று பிறகுதான் தெரியும். அவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசை, நான் கேட்காமலே சொன்னான்.

"விடியறப்ப வந்தோம். ஒடஞ்ச ஷட்டரையெல்லாம் பத்தவெச்சுக்கிட்டே வரோம், மறுபடி எவனும் நுழையக் கூடாதுன்னு. இந்தக் கடைதான் காலின்னு எழுதியிருக்கே, விட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தோம். உள்ள பீங்கான் உருள்ற சத்தம். 'யார்டா உள்ள'ன்னு தடியால ஷட்டர்ல அடிச்சோம். என்ன சொன்னான் தெரியுமா அந்த ஆளு? 'தம்பி, நானும் இப்பத்தான் வந்தேன். ஒரு கிண்ணம்கூட விட்டு வெக்கல படுபாவிங்க. வேற கடை பாருங்க'ன்னான். எங்களையே திருடன்னு நெனச்சுட்டான் அக்கா!"

என் வீட்டுக்காரர் எனக்கு நடித்துக் காட்டிய அதே வார்த்தைகள், ஒன்றுகூடக் குறையாமல், அந்தப் பையன் வாயிலிருந்து வந்தன. அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டதைக்கூட நான் கண்முன் பார்த்தேன்.

"நேத்து எங்க தெருப் பையன் ஒருத்தன் மண்டைய ஒடச்சுட்டானுங்க இவனுங்க. இழுத்துப் போட்டு அடிக்கத்தான் போனோம். பகாய் அண்ணன்தான், எங்க தலைவர், 'அடிச்சா செத்துருவான், பாவம் நமக்கு வேணாம், உள்ளயே வெச்சுப் பத்தவை, போலீஸ் வந்து எடுத்துக்கட்டும்'னாரு. நான்தான் பத்தவெச்சேன். நெருப்புப் பொறியப் பாத்ததும் ஆளு மாறிட்டான். 'கடைக்காரன் நான்தான், நான்தான்'னு ஒரே கத்தல். 'தம்பி, நான் உனக்கு அண்ணன்டா'ன்னான். 'திருடன் எனக்கு அண்ணன் இல்ல'ன்னேன். ரொம்ப நேரம் கத்தினான். இப்பக் கொஞ்ச நேரமா அடங்கிட்டான்."

சம்சா மூட்டை என் கையைவிட்டு விழுந்தது.

"அது என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். அலுத்துப்போன பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினான்.

"அக்கா, காலைலகூட ஒருத்தி வந்தா. அந்த டிவி கடை என்னுதுன்னு மாரடிச்சுக்கிட்டு அழுதா. பாவமேன்னு அறுத்துத் தொறந்துவிட்டோம். வண்டியோட வந்து அள்ளிட்டுப் போயிட்டா. நெஜக் கடைக்காரர் அப்புறமா வந்து எங்கள நாக்கப் பிடுங்கிக்கற மாதிரிக் கேட்டாரு. பகாய் அண்ணன் சொல்லிட்டாரு, இனிமே பேப்பர் இல்லாம யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு."

"பேப்பர் உள்ளதான் இருக்கு. மேஜை டிராயர்ல."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சரி, உங்க கடையே வெச்சுக்குங்க. கொள்ளை போன கடைக்குள்ள உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"கொள்ளை போகலப்பா. நாங்களா எழுதினது."

"பொய்யா எழுதினீங்களா?"

"ஆமா."

"அப்ப இப்பச் சொல்றது மட்டும் நெஜமா?"

அவனைத் தள்ளிவிட்டு ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தேன். "அசேல் அப்பா! அசேல் அப்பா!" என்று கத்தினேன். பதில் இல்லை. வேறு எவளோ தன்னைப் பேசவைக்கத் தந்திரம் செய்கிறாள் என்று நினைக்கிறாரோ என்று தோன்றியது. என் குரல் தெரியாதா அவருக்கு? இருபது வருஷமாக அந்தக் குரலுக்குப் பயந்தவர்தானே. அப்புறம் என் ஆயுசில் முதல் தடவையாக, நடுத்தெருவில், ஒரு அந்நியப் பையன் முன்னால், "சகின்பாய்! சகின்பாய்!" என்று புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதற்கும் பதில் வரவில்லை.

சாட்சிக்கு ஆள் தேடினேன். வரிசையில் ஒரு பிராணி இல்லை. கலீனாவுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. பையன் என் தோளைத் தொட்டு, "அக்கா, குளிர்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றான். நல்ல பையன். நல்லவன் என்பதுதான் எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

அவன் கையைத் தட்டிவிட்டபோதுதான் என் நகம் எனக்கே கண்ணில் பட்டது. காலையில் மாவு பிசைந்தும் போகாத சிவப்பு நகக்கண்ணில் கட்டியிருந்தது. கையை விரித்து ஷட்டரில் அந்த எழுத்தின் பக்கத்தில் வைத்தேன்.

"பாருடா. இது என்னன்னு பாரு. அவர் எழுதினாரு, நான் டப்பா பிடிச்சேன்."

அவன் குனிந்து பார்த்தான். என் நகத்தைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த சிவப்பு விரல் தடத்தை, முந்தின நாள் நான் தடுமாறிக் கையூன்றிய இடத்தை, தொட்டுப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் குழந்தை முகமாக மாறியது.

"அக்கா..." என்றான்.

"கொப்பரையில கரி போட்டிருக்காரு. ஓட்டை இருக்குன்னு தைரியத்துல போட்டிருக்காரு. நீ ஓட்டைய அடைச்சுட்ட."

வெல்டிங் சாமானும் அறுக்கும் மெஷினும் பகாயின் வண்டியில் வேறு தெருவுக்குப் போயிருந்தன. பையன் ஓடினான். அவ்வளவு வேகமாக ஒருவன் ஓடி நான் பார்த்ததில்லை. நான் தரையில் படுத்து, பற்றவைத்த கோட்டில் வாயை வைத்து அவர் பெயரைச் சொன்னேன். மூக்கை வைத்துப் பார்த்தேன். கல்லை எடுத்து அடித்தேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. கைதேர்ந்த வேலை.

வண்டி வந்தது. பகாய் பெரிய ஆள், தாடிக்காரர். மெஷினை அவரே எடுத்து அறுத்தார். பட்டை விழுந்ததும் நான்தான் முதலில் நுழைந்தேன். ஷட்டருக்குப் பக்கத்தில் அவருடைய தொப்பி கிடந்தது. உள்பக்கத் தகரத்தில் ரத்தம் திட்டுத் திட்டாக இருந்தது. கை முட்டி கிழியும்வரை அடித்திருக்கிறார். கம்பிக் கதவு திறந்தே கிடந்தது.

கிட்டங்கியில், கொப்பரைப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் களைத்துப்போய், போலீஸ் வரும்வரை குளிர் காயலாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். போர்வையை முழங்கால்மேல் ஒழுங்காகப் போர்த்தியிருந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன, பனியில் நடந்து வீட்டுக்குள் வந்தவன் கன்னம் மாதிரி. அல்லாவே, தூங்குகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக எனக்குச் சந்தோஷம் வந்தது. கோபமும் வந்தது. "எந்திரிங்க, ஊரைக் கூட்டிட்டு இங்க வந்து தூக்கமா? எந்திரிங்க, சம்சா ஆறிப்போச்சு" என்று உலுக்கினேன். தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. பகாய் வந்து கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார்.

சரக்கில் ஒரு கிண்ணம்கூடக் குறையவில்லை. வரிசையில் எங்கள் கடை ஒன்றுதான் தப்பியது.

வீட்டு முற்றத்தில் துக்கத்துக்குக் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். உடலைத் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். நான் கறுப்பு உடுத்தி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் என் நாத்தனார். அசேல் இன்னும் வழியில் இருந்தாள். ஊர் அடங்காத நேரத்திலும் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கக் கிண்ணம் போதவில்லை என்று கொழுந்தனார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கடையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். கிண்ணத்தின் அடியில் விலைச்சீட்டு இருந்தது, அவர் கையெழுத்தில். உரிக்க யாருக்கும் நேரமில்லை.

பகாய் முதல் நாளே வந்து கொழுந்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்தாராம். போலீஸ் வந்தது, கேட்டது, போயிற்று. ஆள் ஆளுக்கு என்னிடம் விதி என்றார்கள். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்றார்கள். நான் படுகிறேன். வாயால் பிழைப்பான் என்று கலீனா சொன்னாளே, அந்த வாயை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டிருந்தால் என்ன? 'யாருடா உள்ளே' என்று கேட்டவனிடம், 'நான்தான்டா சகின்பாய், இது என் கடை' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன?

துக்கத்துக்கு வரும் ஆண்கள் தெருவாசலிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு கூடாரத்தைப் பார்த்து வருவார்கள். அந்தக் குரல் கேட்டதும் உள்ளே இருக்கிற நாங்கள் ஒப்பாரியை எடுக்க வேண்டும். எங்கள் குரல் எழுந்த பிறகுதான் வந்தவர் அழுகையை அடக்கிக்கொண்டு கைகழுவப் போகலாம். காலையிலிருந்து நான் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. தெரியாதவர்களுக்கும் பாடினேன். எங்களிடம் ஒரே ஒரு தட்டு வாங்கியவனுக்கும் பாடினேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு குரல் வந்தது. தனியாக வந்தது, கூட்டத்தோடு வரவில்லை.

"அண்ணே! என் அண்ணே! உன்ன எங்கண்ணே தேடுவேன்!"

அப்படித்தான் எல்லாரும் அழுவார்கள். இளையவன் மூத்தவனுக்கு வேறு எப்படி அழுவான்? நானும் மூச்சை இழுத்துவிட்டேன் பாட. இழுத்த பிறகுதான் குரல் எல்தியாருடையது என்று தெரிந்தது.

இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டேன்.

நாத்தனார் என் இடுப்பில் இடித்தாள். "பாடு. ஆளு வந்து நிக்குது, பாடு."

மற்றப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். விதவை எடுக்காமல் அவர்கள் எடுக்க முடியாது. ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே! என் அண்ணே!"

வெளியே கொழுந்தனார் போதும் தம்பி என்று அவனைத் தடுப்பது கேட்டது. அவன் கேட்கவில்லை. உள்ளேயிருந்து பதில் வராமல் எப்படி நிறுத்துவான்? குரல் கரகரத்தது. அப்புறம் உடைந்தது. உடைந்த குரலிலேயே அழுதான். கூடாரச் சுவர் கம்பளிதான், அவன் மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்டது. ஷட்டர் தகரத்துக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கும் என் வீட்டுக்காரர் கத்தியது இப்படித்தான் கேட்டிருக்கும்.

நாத்தனார் மறுபடி இடித்தாள். "என்னடி இது, வாசல்ல வந்து அழறவன இப்படியா நிக்க வெப்பாங்க? பதில் குடு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் கிண்ணம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ரொம்ப நேரம் கத்தினான். கொஞ்ச நேரம் கழித்து அடங்கிவிட்டான்.

நான் வாய் திறக்கவில்லை.